ஓய்வுநேர வித்துவான்கள் – 6: பின்வரிசை நாற்காலிகள்

சென்ற இதழில், இங்கிலாந்தின் வட பிரதேசங்களில் நூற்பாலை முதலாளிகளும் நிலக்கரிச் சுரங்கக் கம்பெனிகளும் தங்கள் தொழிலாளிகளின் பித்தளை வாத்தியக் குழுக்களை என்ன உத்தேசத்தோடு ஆதரித்து வளர்த்தார்கள் என்பதைப் பற்றிப் பேசினோம். முதலாளியின் உத்தேசம் எதுவாயிருந்தாலும், பகலெல்லாம் தறியோடும் கரியோடும் மல்லாடிவிட்டு, அந்தியில் முகத்தைக் கழுவி, அவசரமாக இரண்டு வாய் உண்டு, வாத்தியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒத்திகைக் கூடத்துக்கு நடந்த மனிதனுக்கென்று தனியாக ஓர் உத்தேசம் இருந்திருக்க வேண்டும் அல்லவா? அந்த மனிதன் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறான். ஆலைகள் மூடப்பட்டு, சுரங்க வாய்கள் அடைக்கப்பட்டு, அவன் இப்போது பள்ளிக்கூட ஆசிரியனாகவோ, குழாய் ரிப்பேர்க்காரனாகவோ, வங்கி உத்தியோகஸ்தனாகவோ மாறிவிட்டான் என்பதும், முன்பெல்லாம் ஆண்களே நிறைந்திருந்த வரிசையில் இப்போது அவன் மனைவியும் மகளும் உட்கார்ந்து ஊதுகிறார்கள் என்பதும்தான் வித்தியாசம். அவர்களுடைய அன்றாட சுகதுக்கங்களையும், அபிப்பிராயங்களையும், கொஞ்சம் வம்புப் பேச்சையும் இந்த வாரம் பார்க்கலாம்.

பித்தளை பாண்டு என்று அங்கே வழங்கும் குழுவுக்கு ஒரு கண்டிப்பான அளவு உண்டு. போட்டி மேடையில் ஊதுகிறவர்கள் 25 பேர். அவர்களுக்குப் பின்னால் தாளவாத்தியக்காரர்கள் இரண்டு மூன்று பேர். அந்த 25 பேருக்குள்ளும் யாருக்கு எந்த ஸ்தானம் என்பது ஜாதகக் கட்டத்தில் கிரகங்களை அடைத்தது போல நிர்ணயமாகியிருக்கிறது. பிரதான கார்னெட் நால்வர், உச்சஸ்தாயியில் பேசும் சொப்ரானோ கார்னெட் ஒருவர், ரிப்பியானோ கார்னெட் ஒருவர், இரண்டாம் கார்னெட் இருவர், மூன்றாம் கார்னெட் இருவர், ஃப்ளூகல் ஹார்ன் ஒன்று, டெனர் ஹார்ன் மூன்று, பாரிடோன் இரண்டு, யூஃபோனியம் இரண்டு, டிராம்போன் மூன்று, இவை அனைத்தையும் அடியில் நின்று தாங்கும் பாஸ் வாத்தியங்கள் நான்கு. கிளாரினெட்டுக்கோ புல்லாங்குழலுக்கோ சாக்ஸபோனுக்கோ அங்கே பிரவேசம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் போட்டிகள் பெருகப் பெருக, எல்லோரும் ஒரே உருப்படியை ஒரே விதமான வாத்தியங்களில் வாசித்தால்தான் தராதரம் காண முடியும் என்ற நிலை உண்டாகி, அதனாலேயே மெல்ல மெல்ல உறைந்து போன அமைப்பு இது. தாளவாத்தியக்காரர்களின் கதை இன்னும் விநோதமானது. தெருவில் நடந்து போகும்போது அவர்கள் இல்லாமல் பாண்டே இல்லை. ஆனால் பெரிய போட்டிகளின் மேடையில் சுமார் 1970 வரையில் அவர்களுக்கு இடமே இருக்கவில்லை. இன்றைக்கும் வயதான நடத்துநர் ஒருவர் தாளவாத்தியப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார் என்றால், 'சத்தத்தைக் குறை' என்று சொல்வதற்காகத்தான் இருக்கும் என்பது அந்தப் பக்கத்தில் நிற்பவர்களின் நெடுநாளைய புகார்.

எண்ணிக்கை இப்படி நிர்ணயமாகிவிட்டதனால் விளைந்த பலன் ஒன்று உண்டு. பாண்டுக்காரனின் வாழ்க்கை முழுவதும், சந்தோஷமும் சண்டையும் உட்பட, அந்த ஒரு பலனிலிருந்துதான் கிளைக்கிறது என்று நான் நினைக்கிறேன். அங்கே மனிதனைவிட நாற்காலி பெரியது. நம்முடைய சங்கீதத்தில் வித்துவான் வந்தால் கச்சேரி. அவருக்கு ஜலதோஷம் என்றால் கச்சேரி இல்லை. பக்கவாத்தியக்காரர்கள் எத்தனை மேதைகளாயிருந்தாலும் அவர்களுடைய பெயர் நோட்டீஸில் அடுத்த வரியில்தான். பித்தளை பாண்டில் பிரதான கார்னெட்காரருக்கு ஜலதோஷம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் தத்தித் தடுமாறியாவது அந்த அடிகளை ஊதிவிடுவார். ஏனென்றால் பிரதான கார்னெட் வரிசையில் நான்கு பேர் இருக்கிறார்கள். ஆனால் இரண்டாம் பாரிடோன்காரர் வரவில்லை என்றால், அவருடைய சுரங்களை வைத்துக்கொண்டிருப்பவர் வேறு யாரும் இல்லை. எவருடைய வாசிப்பைச் சபையில் ஒருவரும் தனியாகக் கேட்பதில்லையோ, அவர் இல்லாமல் போனால் மட்டும் உடனே ஒரு பள்ளம் விழுந்துவிடுகிறது.

ஆகவே பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் மனோநிலையைத்தான் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அணிவகுப்புப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முன்வரிசைக் கார்னெட்டுகளுக்கு மெட்டு. யூஃபோனியத்துக்கு அந்த மெட்டைச் சுற்றிப் படரும் எதிர்மெட்டு. பாஸ்காரர்களுக்குக்கூட, மூன்றாவது பகுதியில் எல்லோரும் சற்று அடங்கியிருக்கும்போது கர்ஜனை செய்வதற்கு ஓர் அருமையான இடம் கிடைத்துவிடும். டெனர் ஹார்ன்காரரும் இரண்டாம் கார்னெட்காரரும் அந்த நேரமெல்லாம் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று கேட்டால், பாஸ் வாத்தியம் முதல் தட்டைப் போட்டவுடன் இவர்கள் மறு தட்டைப் போடுகிறார்கள். மறுபடியும் அது முதல் தட்டு, இவர்கள் மறு தட்டு. பாட்டு முடியும் வரையில் அப்படியே. வருஷக்கணக்காக இதையே செய்துகொண்டிருப்பதற்கு ஒரு மனிதன் வாரத்தில் இரண்டு மாலைகளைக் கொடுத்து, சந்தாவும் கட்டுகிறான் என்பதை வெளியாள் ஒருவனுக்கு விளங்கவைப்பது பிரயாசையான காரியம். பின்வரிசைக்காரர்களே அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. முன்வரிசைக்காரன் பிசகினால் ஊருக்கெல்லாம் தெரியும், நாங்கள் பிசகினால் நடத்துநருக்கு மட்டும்தான் தெரியும் என்று சிரித்துக்கொண்டு சொல்வார்கள். ஆனால் அனுபவம் வாய்ந்த நடத்துநர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்லும் அபிப்பிராயம் வேறு. நல்ல பிரதான வாத்தியக்காரன் ஒருவனை எந்த பாண்டும் எங்கிருந்தாவது பிடித்துக்கொண்டு வந்துவிடலாம். பாண்டின் தரத்தை அறிய வேண்டுமானால் மூன்றாம் கார்னெட்காரர்கள் மெல்லிய சுரத்தைச் சுருதி பிசகாமல் பிடித்து நிற்கிறார்களா என்று கேட்டுப் பார் என்பதே அது.

பாண்டுக்காரன் ஒரு நாற்காலியிலிருந்து இன்னொரு நாற்காலிக்கு மாறுவதும் உண்டு; இந்த வாத்தியங்களுக்கு எழுதும் சுரலிபியிலேயே அதற்கு ஒரு சௌகரியம் செய்து வைத்திருக்கிறார்கள். பாஸ் டிராம்போன் ஒன்றைத் தவிர, சின்னஞ்சிறு சொப்ரானோ முதல் மடியில் வைத்தால் ஆளையே மறைத்துவிடும் பெரிய பாஸ் வரையில் எல்லா ஊதுவாத்தியங்களுக்கும் மேல்ஸ்தாயிக் குறியிலேயே எழுதுகிறார்கள். காகிதத்தில் உள்ள சுரம் ஒன்று, வாத்தியத்திலிருந்து வரும் சுரம் வேறு. ஆனால் விரல் பழக்கம் மட்டும் அநேகமாக எல்லாவற்றுக்கும் ஒன்றே. பத்து வயதில் மூன்றாம் கார்னெட்டில் ஆரம்பித்த பையன், உதடு தடித்துப் போனால் டெனர் ஹார்னுக்கும், மூச்சு பலப்பட்டால் யூஃபோனியத்துக்கும், பாஸ்காரர் ஒருவர் ஊரைவிட்டுப் போய்விட்டால் வேறு வழியில்லாமல் பாஸுக்கும் மாற்றப்படுகிறான். 'உனக்கு எது பிடிக்கும்?' என்ற கேள்விக்கு அங்கே அவ்வளவாக இடமில்லை. 'எந்த நாற்காலி காலியாக இருக்கிறது?' என்பதே கேள்வி. இப்படி மாறினவர்கள் அநேகர், புது வாத்தியத்தைச் சில மாதங்கள் சபித்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு வாழ்நாள் முழுவதும் அதை விட மறுப்பார்கள்.

இன்னொரு சூட்சுமமும் இதில் இருக்கிறது. கார்னெட்டில் தேர்ந்தவன் டிரம்பெட்டை எடுத்துக்கொண்டு பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்து சம்பளம் வாங்கலாம். டிராம்போன்காரனுக்கும் அந்த வழி திறந்திருக்கிறது. ஹாரி மார்ட்டிமர் என்பவர் ஃபோடன் லாரிக் கம்பெனியின் பாண்டில் கார்னெட் வாசித்துக்கொண்டே மான்செஸ்டரில் ஹாலே ஆர்க்கெஸ்ட்ராவிலும் முதல் டிரம்பெட்காரராக இருந்தவர். ஆனால் டெனர் ஹார்னுக்கும் பாரிடோனுக்கும் ஸிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் ஆசனமே கிடையாது. உலகத்திலேயே தலைசிறந்த டெனர் ஹார்ன்காரன் ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொண்டாலும், வாசித்துப் பிழைப்பதற்கு அவனுக்கு அநேகமாக மார்க்கம் இல்லை. காலையில் எழுந்து வேறு ஏதோ ஓர் உத்தியோகத்துக்குப் போயே தீர வேண்டும். அவன் 'அமெச்சூர்' என்று சொல்லிக்கொள்வது அடக்கத்தினாலோ திறமைக் குறைவினாலோ அன்று. அவனுடைய வாத்தியமே அவனை அப்படி விதித்துவிட்டது. வாசிப்பதற்குக் கூலி வாங்காத வித்துவான் என்றால் அரைகுறை என்று நினைக்கும் நம் வழக்கத்தை, டெனர் ஹார்ன்காரர் ஒருவரின் தனிவாசிப்பை ஒரு முறை கேட்டுவிட்டால் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

கூலி என்று பேச்சு வந்ததனால் சொல்கிறேன்: பழைய நாட்களில் அது வேறு ரூபத்தில் கொடுக்கப்பட்டது. யார்க்ஷயரில் குவீன்ஸ்பரி என்ற மேட்டுக் கிராமத்து ஜான் ஃபாஸ்டர் தம் இளமையில் ஊர் பாண்டில் தாமே ஹார்ன் ஊதியவர். பின்னால் பெரிய கம்பளி ஆலை முதலாளியாகி, 1855-இல் தம் ஆலையின் பெயராலேயே பிளாக் டைக் மில்ஸ் பாண்டை ஏற்படுத்தினார். ஆலையில் நெய்த துணியிலேயே பாண்டுக்காரர்களுக்குச் சீருடை தைக்கப்பட்டது. அயலூரிலே நல்ல யூஃபோனியக்காரன் ஒருவன் இருப்பதாகக் கேள்விப்பட்டால், இப்படிப்பட்ட ஆலைகளும் சுரங்கங்களும் அவனுக்குப் பணம் கொடுப்பதாகச் சொல்வதில்லை. வேலை கொடுப்பதாகச் சொல்லும். நல்ல வேலையாக, விரல்கள் நசுங்காத வேலையாக, ஒத்திகைக்கு நேரத்தில் விடுகிற வேலையாகப் பார்த்துக் கொடுக்கும். கரி வெட்டும் முகப்பில் நிற்கிறவனுக்கும், மேலே விளக்கு அறையில் உட்கார்ந்திருக்கும் பாண்டுக்காரனுக்கும் நடுவே சிறிது மனக்கசப்பு இருந்திருக்குமானால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பாண்டுகளுக்குக் கல்வி புகட்டினவர்களும் பெரும்பாலும் அதே ஜனங்களிலிருந்து வந்தவர்களே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போட்டிகளையெல்லாம் தங்கள் கைக்குள் வைத்திருந்த மூன்று பயிற்சியாளர்களில் ஜான் கிளாட்னி ஹாலே ஆர்க்கெஸ்ட்ராவில் கிளாரினெட் வாசித்தவர். அலெக்ஸாண்டர் ஓவன் கார்னெட்டில் பிரசித்தி பெற்றவர். மூன்றாமவரான எட்வின் ஸ்விஃப்ட், லின்த்வெயிட் என்ற சிற்றூரில் நெசவுத் தொழிலாளியாக இருந்து தம் முயற்சியாலேயே சங்கீதம் கற்றவர். இன்றும் பாண்டுகள் தவறாமல் வாசிக்கும் 'நைட் டெம்ப்ளர்' என்ற அணிவகுப்புப் பாட்டை இயற்றிய ஜார்ஜ் ஆலன், டர்ஹம் ஜில்லாவின் ஷில்டனில் ரயில்வே வண்டிப் பட்டறையில் வேலை செய்தவர். சங்கீதத்தைப் பற்றி மேலிருந்து உபதேசம் செய்வதற்கு அங்கே யாரும் வந்து காத்திருக்கவில்லை.

இனிப் போட்டிக்கு வருவோம். இந்தத் தொடரை வாசிக்கும் அன்பர்களில் சிலர், இன்பத்துக்காக வாசிக்கிறவர்களுக்குப் போட்டி எதற்கு என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான், பாண்டுக்காரர்களுக்குள்ளேயே அதைப் பற்றி முடிவில்லாத தர்க்கம் நடந்துகொண்டிருக்கிறது. 1853-இல் மான்செஸ்டர் நகரத்து பெல் வ்யூ மிருகக்காட்சிசாலைத் தோட்டத்தில் ஆரம்பித்த போட்டி, மாஸ்லி என்ற ஊரின் மதுவிலக்குச் சங்க பாண்டுக்கு முதல் பரிசைக் கொடுத்ததிலிருந்து, இன்று வரையில் பிரிட்டிஷ் ஓப்பன் என்ற பெயரோடு நடந்து வருகிறது. 1860-இல் எண்டர்பி ஜாக்ஸன் என்பவர் லண்டன் கிறிஸ்டல் பாலஸில் ஒரு மகா போட்டியைக் கூட்டினார். அது சில வருஷங்களில் நின்று போய், 1900-இல் ஜான் ஹென்றி ஐல்ஸ் என்பவரால் புத்துயிர் பெற்றது. அந்தக் கண்ணாடி மாளிகை 1936-இல் எரிந்து போயிற்று. யுத்தம் முடிந்த 1945 முதல் ராயல் ஆல்பர்ட் ஹாலில் வருஷந்தோறும் அக்டோபரில் தேசியப் போட்டியின் இறுதிச் சுற்று நடக்கிறது. பாண்டுகளெல்லாம் உச்சப் பிரிவு, அதன் கீழே முதல், இரண்டு, மூன்று, நான்கு என்று ஐந்து பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. கால்பந்துச் சங்கங்களைப் போலவே வருஷா வருஷம் ஏற்றமும் இறக்கமும் உண்டு. நான்காம் பிரிவிலே உள்ள கிராம பாண்டு ஒன்றுக்கு, மூன்றாம் பிரிவுக்கு ஏறுவது என்பது லண்டனில் ஜெயிப்பதைவிடச் சிறிய விஷயமல்ல.

போட்டி நடக்கும் முறைதான் ரசமானது. ஒரு பிரிவிலே உள்ள அத்தனை பாண்டுகளும் ஒரே உருப்படியை வாசிக்க வேண்டும். பதினைந்து இருபது தடவை அதே பாட்டு! நீதிபதிகள் மண்டபத்தின் நடுவில் திரையிட்ட கூண்டுக்குள் அடைக்கப்பட்டிருப்பார்கள். மேடையில் யார் ஏறுகிறார்கள், பேர்போன பாண்டா, பேர் தெரியாத பாண்டா, கோல் பிடித்து நடத்துகிறவர் யார் என்பதொன்றும் அவர்களுக்குத் தெரியாது, சபையோருக்கெல்லாம் தெரியும். வாசிக்கும் வரிசையைச் சீட்டுக் குலுக்கி எடுக்கிறார்கள். முதல் எண் விழுந்துவிட்டால் பாண்டுக்காரர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். முதலில் வாசித்தவனுக்குப் பரிசு கிடைப்பது அபூர்வம் என்பது அவர்களுடைய அசைக்க முடியாத நம்பிக்கை. கடைசி எண்ணும் ஆகாது, அதற்குள் நீதிபதிக்குக் காது மரத்துவிடும். சாப்பாட்டுக்குப் பின் முதல் எண்ணும் ஆகாது, அப்போது நீதிபதி தூங்குவார். எல்லாவற்றையும் கேட்ட பிறகு, எந்த எண்தான் நல்ல எண் என்று கேட்டால், போன வருஷம் ஜெயித்த பாண்டுக்கு விழுந்த எண்ணைச் சொல்வார்கள்.

முடிவு அறிவித்த அடுத்த நிமிஷத்திலிருந்து மண்டபத்துக்கு அடுத்த மதுக்கடையில் நடக்கும் விவாதத்தைப் பற்றி ஒரு தனி அத்தியாயமே எழுதலாம். நீதிபதி செவிடு, இல்லை, அவர் யூஃபோனியக்காரர், ஆகையால் யூஃபோனியத்தை மட்டும் கேட்டார், இல்லை, அவர் பழைய காலத்து மனிதர், வேகம் கூடாது என்பவர். இந்தப் பேச்செல்லாம் வருஷத்துக்கு வருஷம் மாறாமல் நடக்கும். நீதிபதி தம் கைப்பட எழுதிய குறிப்புத் தாள் பாண்டின் கைக்கு வந்து சேர்ந்தவுடன், 'இரண்டாம் ஹார்ன், இந்த இடத்தில் சற்று அழகு' என்று ஒரு வரி இருக்குமானால், அந்த இரண்டாம் ஹார்ன்காரர் அதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொள்வதைப் பற்றிக் கேலி செய்கிறவர்கள் உண்டு. அவரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்களும் உண்டு. முகம் பார்க்காமல் கேட்கும் அந்தத் திரைக்குள் ஒரு பெரிய நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நம் சபாக்களில் முன்வரிசை விமர்சகர்களையும் மார்கழியில் ஒரு வாரம் இப்படிக் கூண்டிலிட்டு, இன்னார் பாடுகிறார் என்று சொல்லாமல் கேட்கச் செய்தால் என்ன எழுதுவார்கள் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

போட்டி உருப்படிகளைப் பற்றியும் பாண்டுக்காரர்களுக்கு உறுதியான அபிப்பிராயங்கள் இருக்கின்றன. நெடுங்காலம் இத்தாலிய ஆபராக்களிலிருந்து தொகுத்த மெட்டுகளையே வாசித்து வந்தார்கள். 1913-இல் பெர்ஸி ஃப்ளெச்சர் என்பவர் தேசியப் போட்டிக்கென்றே 'லேபர் அண்ட் லவ்' என்ற உருப்படியை எழுதிய பிறகு, ஹோல்ஸ்ட் 1928-இலும், எல்கார் 1930-இலும், வான் வில்லியம்ஸ் 1957-இலும் அந்தக் குழாய்களுக்காக எழுதினார்கள். எல்கார் தம் 'ஸெவர்ன் ஸூட்'டை பெர்னார்ட் ஷாவுக்குச் சமர்ப்பணம் செய்தார். அந்த வருஷத்துப் பரிசு ஃபோடன் பாண்டுக்குப் போயிற்று. 1973-இல் ஹாரிஸன் பர்ட்விஸில் என்ற நவீன ஸாஹித்யகர்த்தா கிரைம்தார்ப் சுரங்க பாண்டுக்காக ஒன்று எழுதினார். அதில் மெட்டு எங்கே என்று தேடியவர்கள் அநேகர். புது உருப்படி வந்த முதல் வாரம் 'இது சங்கீதமே அல்ல' என்பார்கள்; இரண்டாம் மாதம் அதன் கஷ்டமான இடங்களை மனப்பாடமாகப் பேசுவார்கள்; போட்டி முடிந்த மறுநாள், இனிமேல் அதை வாசிக்க வேண்டாம் என்பதில் சற்றே வருத்தப்படுவார்கள். நூறு முறை வாசித்த ஒன்றை வெறுப்பதற்கும் நேசிப்பதற்கும் நடுவே உள்ள தூரம் அதிகமில்லை போலும்.

போட்டிகளிலேயே ஜனங்களுக்கு மிகவும் உகந்தது விட் ஃப்ரைடே என்ற திருநாள்தான். பெந்தெகொஸ்தே ஞாயிற்றுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, பெனைன் மலைச்சாரலில் சாடில்வொர்த், டேம்ஸைட் என்ற பகுதிகளிலுள்ள கிராமங்கள் ஒவ்வொன்றும் அதே மாலையில் தனித்தனியாக ஒரு போட்டி வைக்கின்றன. காலையில் தேவாலயப் பள்ளிப் பிள்ளைகளின் ஊர்வலம். மாலை நான்கு மணியிலிருந்து டெல்ஃப், டாப்கிராஸ், அப்பர்மில், ஸ்டேலிபிரிட்ஜ் என்று பேருந்துகளில் பாண்டுகள் பறக்க ஆரம்பிக்கும். கிராம எல்லையில் இறங்கி, வரிசையில் நின்று, கற்கள் பாவிய செங்குத்தான தெருவில் ஓர் அணிவகுப்புப் பாட்டை வாசித்துக்கொண்டே நடந்து, மைதானத்துக்குப் போய் வட்டமாக நின்று வேறொரு பாட்டை வாசித்து முடித்து, பெட்டிகளை அணைத்துக்கொண்டு மறுபடியும் பேருந்துக்கு ஓட வேண்டும். நீதிபதி மூடிய வண்டிக்குள்ளோ, திரையிட்ட மாடி அறையிலோ இருப்பார். இரவு பதினொரு மணிக்குள் எத்தனை கிராமங்களைப் பிடிக்க முடியுமோ அத்தனைக்கும் போவது என்பது சங்கற்பம். ஒவ்வொரு ஊரிலும் பாண்டுகள் வரிசையில் காத்துக் கிடக்கும். ஆகவே எந்த ஊருக்கு முதலில் போவது, எதை விடுவது என்ற கணக்கைப் போடுகிற காரியதரிசிக்கு அன்று நடத்துநரைவிட அதிக மரியாதை. பேர்போன சாம்பியன் பாண்டின் முன்னாலும் பின்னாலும், முந்தின வருஷம்தான் ஊதக் கற்றுக்கொண்ட பிள்ளைகளின் பாண்டு நிற்கும். அதே தெருவில், அதே மழையில், அதே நீதிபதிக்கு வாசிக்கும். ஜூன் மாதத்திலும் அங்கே மழை என்பது சொல்லாமலே விளங்கும். ஒன்பது மணிக்கு மேல் உதடு வீங்கி, உச்ச சுரம் வர மறுத்து, பிரதான கார்னெட்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் சமயத்தில், மறு தட்டைப் போட்டுக்கொண்டிருக்கும் ஹார்ன்காரர்கள் மட்டும் சோர்வில்லாமல் போட்டுக்கொண்டே இருப்பார்கள். பின்வரிசைக்காரர்களுக்கு அந்த வேளையில் ஏற்படும் திருப்தியை நான் குறை சொல்லமாட்டேன்.

திருவிழாக்கள் போக மீதி வருஷம் முழுவதும் சாமானியமான சங்கடங்கள்தான். நிகழ்ச்சிக்கு ஒருவர் வரவில்லை என்றால் அயல் பாண்டிலிருந்து ஓர் ஆளைக் கடன் வாங்க வேண்டும். அப்படிக் கடன் வருகிறவரை 'டெப்' என்பார்கள். டெப் வாசிப்பதில் கெட்டிக்காரரான ஒரு பாஸ்காரர், வாரத்தில் ஐந்து நாள் வெளியே இருந்து, வீட்டிலே முகம் மறந்து போகும் நிலைக்கு வந்துவிடுவதும் உண்டு. சாதாரணக் கச்சேரிகளுக்குச் சரி. போட்டிக்கு இது நடக்காது. அங்கே ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு பாண்டில்தான் பதிவு செய்துகொண்டிருக்க வேண்டும். கடன் ஆட்களுக்கு வரம்பு உண்டு. இதனால்தான் பாண்டுகளின் மரணம் எப்போதும் ஒரே மாதிரி ஏற்படுகிறது. பணமில்லாமல் ஒரு பாண்டு அழிவதில்லை. பணத்தை எப்படியாவது திரட்டிவிடுவார்கள். இரண்டு பாஸ்காரர்கள் ஒரே வருஷத்தில் விலகிவிட்டால், அவர்களில்லாமல் வாசிப்பது நன்றாக இல்லையென்று ஹார்ன்காரர் ஒருவர் அடுத்த ஊர் பாண்டுக்குப் போவார். அவர் போனதனால் அவர் மனைவியும் போவாள், அவள் இரண்டாம் கார்னெட். ஆறு மாதத்தில் கூடத்துக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள்.

வாத்தியங்கள் பெரும்பாலும் குழுவின் சொத்து. பெரிய பாஸ் ஒன்றின் விலை பல ஆயிரம் பவுன். அதை ஒரு தனி மனிதன் வாங்குவது எளிதல்ல. 1960-களில் இன்னொரு சோதனை வந்தது. அதுவரை பாண்டுகள் எல்லாம் ஆர்க்கெஸ்ட்ராக்களைவிடச் சற்றுத் தூக்கலான சுருதியில் வாசித்து வந்தன; அந்தச் சுருதி வாத்தியங்களைச் செய்வதைக் கம்பெனிகள் நிறுத்திவிட்டதனால், வாத்தியங்களை மாற்றவோ அறுத்து நீட்டவோ ஒவ்வொரு ஊரும் நிதி திரட்ட வேண்டியதாயிற்று. நிதி என்றால் கிறிஸ்துமஸ்தான். டிசம்பர் முழுவதும் கடைத்தெருவிலும் அங்காடி வாசலிலும் நின்று பக்திப் பாடல்களை வாசிப்பார்கள். விரல் நுனி வெட்டின கையுறை. உறைந்து நகர மறுக்கும் வால்வுகள். உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும் உதடு. தஞ்சைச் சரபோஜி மகாராஜாவின் அரண்மனையிலேயே மேனாட்டு பாண்டு முழங்கிய பழமை நமக்கு உண்டு. அதன் தூரத்து உறவான நம் கல்யாண பாண்டுக்காரர்கள், காசுக்காக வாசிக்கிறார்கள் என்பதற்காகவே நம்மிடம் இளப்பமாய்ப் போனார்கள். அங்கே வாசிப்பதற்காகவே தெருவில் காசு கேட்டு நிற்கிறவர்களை ஊரே பெருமையாகப் பார்க்கிறது. இதில் எந்த ஊர் ஜனங்களுக்கு விவேகம் அதிகம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உடம்பும் அவர்களை எப்போதும் மிரட்டிக்கொண்டே இருக்கிறது. பிடில்காரனுக்குக் கை; பித்தளைக்காரனுக்குப் பல். முன்பல் ஒன்று ஆடத் தொடங்கினால் அவன் வைத்தியரிடம் போவதற்கு முன்னால் நடத்துநரிடம் போவான். பல்செட் கட்டிக்கொண்ட பிறகு கார்னெட்டை விட்டு, அகன்ற வாய்முனையுள்ள பாஸுக்கு இறங்கி இன்னும் பல வருஷம் தாக்குப் பிடித்தவர்கள் பலர். வீட்டுக்குள் அப்பியாசம் செய்யக் குழாய் வாயில் அடைப்பான் போட்டுக்கொண்டாலும், சுவருக்கு அப்பால் இருப்பவர் எப்போதாவது தட்டாமல் இருக்கமாட்டார். பாண்டுக்காரனைக் கலியாணம் செய்துகொள்வதென்றால் தானும் ஒரு வாத்தியத்தைக் கற்றுக்கொள், இல்லாவிட்டால் தனிமையைக் கற்றுக்கொள் என்று அந்தப் பக்கத்துப் பெண்கள் பேசிக்கொள்வார்களாம்.

1992 அக்டோபரில் பிரிட்டிஷ் அரசாங்கம் 31 நிலக்கரிச் சுரங்கங்களை மூடுவதாக அறிவித்தது. கிரைம்தார்ப்பும் அந்தப் பட்டியலில் இருந்தது. அறிவிப்பு வெளியான சில தினங்களுக்குள் கிரைம்தார்ப் சுரங்க பாண்டு ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஏறி, தேசியப் போட்டியில் முதல் பரிசை வாங்கியது. அடுத்த வருஷம் சுரங்கம் மூடப்பட்டது. 1996-இல் வெளிவந்த 'பிராஸ்ட் ஆஃப்' என்ற திரைப்படம் இந்தக் கதையைத் தழுவியதுதான். படத்தில் கேட்கும் வாசிப்பும் அந்த பாண்டுடையதே. சினிமாவைப் பார்த்தவர்கள் கண்ணீர் வடித்ததோடு கதை முடிந்துவிட்டதாக நினைப்பார்கள். பாண்டு இன்னும் இருக்கிறது. சுரங்கம் போன பிறகு, வாசிக்கிறவர்கள் வேறு ஊர்களிலிருந்தும் வேறு தொழில்களிலிருந்தும் வந்து அந்த நாற்காலிகளில் உட்காருகிறார்கள்; பெயரிலுள்ள 'சுரங்கம்' என்ற சொல்லை மட்டும் எடுக்கவில்லை. பிளாக் டைக் ஆலையின் தறிகளும் ஓய்ந்துவிட்டன, பாண்டு ஓயவில்லை. முதலாளி தம் விளம்பரத்துக்காகவோ தொழிலாளிகளைக் குடியிலிருந்து தடுப்பதற்காகவோ போட்ட நாற்காலிகள், முதலாளி போன பிறகும் காலியாகாமல் இருப்பதைப் பற்றிச் சென்ற இதழில் நாம் சந்தித்த சரித்திராசிரியர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை.

இந்த உலகத்துக்கென்று 'பிரிட்டிஷ் பாண்ட்ஸ்மன்' என்று ஒரு பத்திரிகை 1887-இல் தொடங்கியது. பாண்டுக்காரர்களில் அநேகர் போட்டி முடிவுகளுக்கு முன்னால் ஆள் தேவை விளம்பரங்களைத்தான் வாசிப்பார்கள். நடத்துநர் வேண்டும் என்ற விளம்பரம் எப்போதாவது வரும். பிரதான கார்னெட் வேண்டும் என்பது இன்னும் அபூர்வம், அந்த நாற்காலிக்குப் பின்னால் எப்போதும் இரண்டு பேர் காத்திருப்பார்கள். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: இரண்டாம் பாரிடோன், பின்வரிசைக் கார்னெட், பாஸ் தேவை, வாத்தியம் குழுவே தரும், ஒத்திகை வாரம் இரு மாலை, பிரிவு மூன்று, சுமுகமான கூட்டம்.

(தொடரும்)